நானூற்றுப் பத்தா, முந்நூற்று மூன்றா

என் வாழ்நாளில் நிஜத் துப்பாக்கியை நான் தொட்டது ஒரே ஒரு தடவை. ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நான் துப்பாக்கி நிபுணன் ஆகிவிட்டிருந்தேன். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெந்நீர் வைக்கத் தெரியாதவர்கள்தான் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடுகிறார்கள்.

எனக்கு மலையாள தேசத்துக் கழக்கூட்டத்தில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது உத்தியோகம். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஹைவே நெரிசலில் நீந்தி ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தால் அடுத்த டூட்டி இணையத்தில். பழைய பட்டாளத்து ரைஃபிள்களுக்கென்று அங்கே ஒரு குழு இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிச் சுட வேண்டிய ரகம் மட்டும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் பரணைச் சுத்தம் செய்வார். துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று கிடைக்கும். அதைப் படமெடுத்துப் போட்டு, இது என்ன என்று கேட்பார். நான் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன்: இது போல்ட்டின் தலை, அதாவது அந்தக் கைப்பிடித் தண்டின் முனை. இது என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாப் பெட்டியை மறைக்கும் தகடு. போர் நடக்கும்போது செய்த துப்பாக்கிகளில் நேரமில்லை என்று இந்தத் தகட்டை விட்டுவிட்டார்கள். ஆகவே உங்களுடையது முந்தைய ரகம். வாழ்த்துகள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படத்துக்கு அடியிலும் 'தெரியவில்லை' என்ற பதில் நிற்கக் கூடாது. நின்றால் எங்களுக்கெல்லாம் மானக்கேடு. இரண்டு நாள் தூங்காமல் தேடியாவது ரகத்தைச் சொல்லிவிடுவோம்.

என்ஃபீல்டு, என்ஃபீல்டு என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு, கல்யாணமான புதிதில் என் மனைவி நான் புல்லட் பைக் வாங்கப்போகிறேன் என்று சந்தோஷப்பட்டாள். பிறகு உண்மை தெரிந்தது. "கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டச் சொன்னா பக்கத்து ஃபிளாட் சேட்டனைக் கூப்பிடறீங்க. தீபாவளிக்கு ஊதுபத்தியைக் குடைக்கம்பியில கட்டி வெடி கொளுத்தறீங்க. உங்களுக்கு எதுக்கு இந்தப் பட்டாளத்து வேலை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் நிஜமாகவே அப்படி ஒரு துப்பாக்கி இருந்தது. என் அம்மாவின் தம்பி. போனக்காட்டுப் பக்கம் மலைமேல் எஸ்டேட் ஒன்றில் வாட்ச்மேன். எஸ்டேட் என்று சொல்வது பழக்கதோஷம். ஃபாக்டரியை மூடிப் பல காலம் ஆகிறது. கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடி மரமாகிவிட்டது. மேனேஜர் முதலில் ஊரை விட்டுப் போனார், பிறகு உலகத்தை விட்டும் போனார். போக்கிடம் இல்லாத சில குடும்பங்கள் மட்டும் ஒழுகும் லயன் வீடுகளில் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களில் ஒன்று மாமாவும் அத்தையும். மாமாவை வேலையை விட்டு நிற்கச் சொல்ல யாரும் மிச்சமில்லாததால் அவர் நிற்கவில்லை. தினமும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேனேஜர் பங்களாத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டிய ஃபாக்டரியைச் சுற்றி வருவார். பன்றிக்கும் ஆனைக்கும் என்று கம்பெனி வாங்கிவைத்த துப்பாக்கி அது.

ஒரு பொங்கலுக்கு மேலே போயிருந்தபோது தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கல்யாணப் பெண்ணைத் தொடுகிறேன் என்று சொன்னதுபோல் பதறிவிட்டார். "கம்பெனிச் சாதனம் மருமவனே. தொடப்படாது. தூர நின்னு போட்டோ வேணும்னா எடுத்துக்கோ." எடுத்துக்கொண்டேன். மாமா விறைப்பாக, சிலை மாதிரி நின்றார். வீட்டுக்கு வந்து படத்திலிருந்து மாமாவின் தலையை வெட்டிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் குழுவில் போட்டேன்.

அது ஒரு விசேஷமான ரகம். 303 என்று நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் காலமெல்லாம் தொங்கியதே, அதன் உடன்பிறப்பு. 303 என்பது குழலின் உள்வாய் அகலம். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முந்நூற்று மூன்று பங்கு. வெள்ளைக்காரனுக்கு ஒரு பயம் இருந்தது. ஜெயில் வார்டர், ஊர்க்காவல், தோட்டக் காவல் என்று உள்ளூர் ஆட்கள் கையில் பட்டாளத்து ரைஃபிளைக் கொடுத்தால், நாளைக்கு அவன் பட்டாளத்துத் தோட்டாவைத் திருடித் தன் பக்கமே திருப்பிவிடுவானோ என்று. அதனால் 303 ரைஃபிளின் குழலை 410 அளவுக்குக் குடைந்து, உள்ளேயிருந்த சுழல் வரிகளை வழித்து வழவழப்பாக்கி, தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. தூரத்துக்குப் போகாது. காவல்காரன் கையில் இருக்க வேண்டிய துப்பாக்கி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. சுதந்திரம் வந்த பிறகு நாமும் அதை மாற்றவில்லை.

மாமாவின் படத்தில் எல்லா அடையாளமும் பளிச்சென்று இருந்தது. மரக்கட்டை இருந்தது. நம் நாட்டில் செய்ததற்கு அடையாளமாக முன்மரத்தில் குறுக்கே அடித்த திருகாணி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் போல்ட்டுக்குக் கீழே இரும்பில் 410 என்று பொறித்திருந்தது. குழுவில் கைதட்டல் விழுந்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அத்தையிடமிருந்து ஃபோன் வந்தது தேர்தல் அறிவித்த வாரத்தில். நான் ஆபீசில் இருந்தேன்.

"மருமவனே, மாமாவ ஸ்டேசன்ல பிடிச்சு வச்சிருக்காவ."

"எதுக்கு அத்தே?"

"அதான் எனக்கும் மனசிலாவல. இவ்வளவு நாளா எப்பவும் வாங்கி வைப்பாவ. இந்தத் தடவ ஆளயும் சேத்து வச்சுக்கிட்டாவ."

தேர்தல் வந்தால் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் திருப்பித் தருவார்கள். எஸ்டேட் நடந்த காலத்தில் மேனேஜரின் ஜீப்பில் துப்பாக்கி இறங்கும், காவலுக்கு மாமாவும் இறங்குவார். போலீஸ்காரர் லைசென்சில் உள்ள எண்ணையும் துப்பாக்கியின் உடம்பில் உள்ள எண்ணையும் ஒத்துப்பார்த்துவிட்டு வாங்கி வைப்பார். இப்போது மேனேஜர் இல்லை, ஜீப் இல்லை, லைசென்சும் மேனேஜரோடு சேர்ந்து செத்துவிட்டது. தேர்தல் மட்டும் வந்தது. மாமா என்ன செய்தார்? துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, கோரைப்பாயில் சுருட்டி, காலையில் முதல் பஸ் பிடித்து, தானே ஒப்படைக்கக் கொண்டுபோய்விட்டார். ஊரே சட்டத்தை ஏமாற்றப் படாதபாடு படுகிறது. என் மாமா அதைத் தேடிப்போய்ப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

ஸ்டேஷன் இருக்கும் வித்துரா பக்கம் ஸ்கூட்டரை விரட்டினேன். வழியில் வக்கீலுக்கு ஃபோன் செய்தேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் சித்தப்பா அவர். நகரத்துக் கோட்டைக்குள் அக்ரஹாரத்து ஆள். கறுப்புக் கோட்டோடு பைக்கில் எனக்கு முன்பாகவே வந்து சேர்ந்து, மலையடிவாரத்து ஸ்டேஷன் வாசலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கோங்கோ," என்றார். "லைசென்ஸ் தீர்ந்துபோன தோட்டத் துப்பாக்கி. முதலாளி செத்துட்டார். வாட்ச்மேன் தானே கொண்டுவந்து கொடுத்துட்டார். இதை நான் மஜிஸ்டிரேட் கிட்ட சொன்னா அவரே அழுதுடுவார். இன்னிக்கே ஜாமீன். ஆனா போலீஸ் எழுதற மஹஸர்ல 303ன்னு எழுதிட்டா கழிஞ்சுது. அது தடை பண்ணின ரகம். பட்டாளமும் போலீசும் மட்டும்தான் வெச்சுக்கலாம். அங்க அழுகையெல்லாம் செல்லாது. உங்க மாமாக்கு வயசென்ன?"

சொன்னேன்.

"அப்ப வெளியில வரச்சே இன்னும் வயசாயிருக்கும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்தில் அல்ல, நிம்மதியில். "சார், அது 303 இல்லை. 410 மஸ்கட். நான் ஏற்கெனவே அடையாளம் பார்த்து வைத்திருக்கிறேன். உலகம் பூராவும் ஒத்துக்கொண்டாயிற்று."

வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா நான் பேசறேன். நீங்க பேசாதேங்கோ."

உள்ளே மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லாக்கப்பில் போடவில்லை. கையில் கட்டஞ்சாயா. அத்தை பக்கத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். மலையிலிருந்து இறங்கினால் அவளுக்குக் கால் வீங்கிவிடும்.

"நீ எதுக்கு லீவு போட்ட?" என்றார் மாமா. "சும்மா ஒரு சீட்டுத் தருவாவ, வாங்கிட்டுப் போறதுதான்."

"பஸ்ஸில் எப்படி மாமா கொண்டுவந்தீங்க?"

"கண்டக்டர் இதென்னன்னு கேட்டான். தோக்கு, துப்பாக்கின்னேன். ஓஹோ, பீரங்கி எங்கேன்னு கேட்டுட்டுப் போயிட்டான். நெசத்தச் சொன்னா எவன் நம்புதான்?"

"வாய மூடுங்க," என்றாள் அத்தை. "இங்கயும் போயி நெசத்தச் சொல்லிக்கிட்டு இருக்காதிய."

எஸ்.ஐ. ஓர் இளம்பெண். மேசைமேல் பாய் விரித்திருந்தது. பாயின்மேல் துப்பாக்கி கிடந்தது. இத்தனை காலம் நான் காதலித்த ஜாதி. இவ்வளவு கிட்டத்தில் முதல் தடவை.

ஏட்டு ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றார். ஓய்வு பெறும் வயது. "இது 303 ஆணு மேடம். ஞான் எத்ர கொல்லம் சுமந்நதா," என்றார், எத்தனையோ வருஷம் அதைச் சுமந்த உரிமையில்.

வக்கீல் குழைந்து குழைந்து பேசினார். கிழவரின் வயது, மூடிய எஸ்டேட், ஆனை, பன்றி எல்லாம் வந்தன. எஸ்.ஐ. கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் கேஸ் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் பேனாவை மூடி, திறந்து, தமிழும் மலையாளமுமாகச் சொன்னாள்: "ஞான் ஒரு காரியம் செய்யறேன். பழைய ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, ரகம் தெரியவில்லை, பரிசோதனைக்கு அனுப்பணும்னு எழுதறேன். லேப் ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்க வேலையை நீங்க பாத்துக்கோங்க வக்கீல் சாரே."

வக்கீலின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "தாராளம். அது போறும். அது மதி," என்று எழுந்தேவிட்டார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் 'ரகம் தெரியவில்லை' என்று அவள் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. எட்டடியில் துப்பாக்கி கிடக்கிறது, பக்கத்தில் நான் நிற்கிறேன், 'தெரியவில்லை' என்று எழுதப்போகிறார்கள். ஓர் இசைக் கச்சேரியில் சுருதி சேராமல் பாடினால் சிலருக்கு உடம்பு கூசுமே, அப்படி இருந்தது.

"மேடம், ரகம் தெரியும்," என்றேன்.

வக்கீல் என் தொடையைக் கிள்ளினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

"தெரியவில்லைன்னு எழுதினா நாளைக்கு யாராவது 303ன்னு மாத்திடலாம். இப்பவே 410ன்னு எழுதிட்டா அந்தப் பயமே இல்லை," என்று தொடர்ந்தேன். கேட்பதற்கு எவ்வளவு புத்திசாலித்தனமாக இருக்கிறது! நானே அசந்துபோனேன்.

"சாரினு இதொக்கெ எங்ஙனெ அறியாம்?" என்றாள் எஸ்.ஐ. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று, நிஜமான ஆர்வத்தோடு.

கேட்டுவிட்டாள் அல்லவா. பாடம் தொடங்கிவிட்டது. மரக்கட்டையைக் காட்டினேன். குறுக்குத் திருகாணியைக் காட்டினேன். பொறித்திருந்த 410ஐ அவள் ஃபோன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். "ஏட்டே, சரியாணு கேட்டோ, 410 என்னு எழுதீட்டுண்டு," என்றாள். ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா பெஞ்சிலிருந்து அத்தையை இடித்து, "பாத்தியா, நம்ம பய," என்றார். எனக்கு எல்லாம் கேட்டது. இந்த மாதிரி ஒரு சபை என் ஆபீசில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

"இன்னும் சந்தேகம் இருந்தா ஒரு எளிய சோதனை," என்றேன். குழுவில் புதியவர்களுக்கு நான் சொல்லித்தருகிற சோதனை அது. செய்து பார்த்தது கிடையாது. "303 குழலின் வாயில் பென்சிலை விட்டால் சிக்கென்று உட்காரும். 410 குழல் அகலம். பென்சில் கிலுகிலுப்பை மாதிரி ஆடும். பாருங்கள்."

எஸ்.ஐ. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.

விட்டேன். உள்ளே போனது. கையை எடுத்தேன். பென்சில் ஸ்டாண்டில் வைத்தது மாதிரி நின்றது. ஆடவில்லை. தட்டிப் பார்த்தேன். ஆட்டிப் பார்த்தேன்.

புகைப்படத்தில் ஒரு குறை உண்டு. அதில் எல்லாத் துளையும் ஒரே அளவாக இருக்கும். ஆயிரம் துப்பாக்கிகளின் வாயைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தவன் நான். ஒரு 410 நிஜத்தில் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. அந்த மேசையில் கிடந்த துளை சின்னதாக இருந்தது வந்தவுடனே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டிருக்கலாம். நான்தான் அப்போது பேசிக்கொண்டிருந்தேனே.

"பென்சில் தடிமனா இருக்கும்," என்றார் வக்கீல், மெல்லிய குரலில். வக்கீலாக அவர் செய்த கடைசி முயற்சி அது.

குழலுக்குள் பார்த்துவிடலாம் என்று நான் போல்ட்டைக் கழற்ற முயன்றேன். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: முழுக்கப் பின்னால் இழு, தலையை மேலே நிமிண்டு, உருவு. நிமிண்டியதில் நகம் பெயர்ந்தது, போல்ட் வரவில்லை. ஏட்டு வந்து என் கையை விலக்கிவிட்டு, வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளுவதுபோல் உருவி எடுத்துக் கொடுத்தார். எஸ்.ஐ. பின்பக்கம் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள். நான் குழலின் வாயில் கண்ணை வைத்தேன்.

வழவழப்பான குழாய் தெரிய வேண்டும். தெரியவில்லை. வரிகள் தெரிந்தன. ஐந்து வரிகள், இடப்பக்கமாகச் சுழன்று சுழன்று, அந்தச் சின்ன வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மாமா எண்ணெய் போட்டுப் போட்டு வைத்திருந்ததால் கொஞ்சம்கூடத் துருவில்லை. வெள்ளி மாதிரி இருந்தன. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஒரு கணம் நான் மாமாவை மறந்துவிட்டேன். அவ்வளவு அழகு.

உடம்பு 410. குழல் 303. எந்தக் காலத்திலோ, மாமா அந்த மலையில் ஏறுவதற்கும் முன்னால், பழைய குழல் கெட்டுப்போய் யாரோ ஒரு துரையோ மேனேஜரோ கிடைத்த குழலைப் போட்டு முறுக்கியிருக்கிறார். எல்லாத் தேர்தலிலும் போலீஸ் உடம்பிலிருந்த எண்ணைத்தான் பார்த்தது. குழலுக்குள் யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஒரு நிபுணன் வர வேண்டியிருந்தது.

"என்ன சார்?" என்றாள் எஸ்.ஐ.

ஏதாவது ஜோக் அடித்து நழுவலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே துப்பாக்கியை வாங்கிக் குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஏட்டிடம் கொடுத்தாள். ஏட்டு பார்க்கவே இல்லை. பாயின்மேல் வைத்துவிட்டு, "ஞான் ஆத்யமே பறஞ்ஞில்லே," என்றார். முதலிலேயே சொன்னேனே என்ற அவர் குரலில் வெற்றி எல்லாம் இல்லை. சலிப்புத்தான் இருந்தது.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தாள். பிறகு, "இனி எனிக்கு அறியில்லா என்னு எழுதான் பற்றில்லா," என்றாள். இனிமேல் தெரியாது என்று அவளால் எழுத முடியாது. எழுதிக்கொண்டே நடுவில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்த வரிகள் எத்தனை சார்? எந்தப் பக்கம் சுத்துது?"

"ஐந்து," என்றேன். "இடப்பக்கம்."

வாசலுக்கு வந்ததும் வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாகவும் இருந்திருக்கும். "லேப்ல எப்படியும் வந்திருக்கும். ஆனா மெதுவா வந்திருக்கும். அதுக்குள்ள அவரை வெளியில எடுத்திருப்பேன்," என்றார். பிறகு, "நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். சொன்னேன். "நல்ல கம்பெனியாக்கும்," என்றார்.

மாமாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பாக்கி 410 இல்லை, குழல் 303தான் என்று சொன்னேன். அது தோட்டக் காவலுக்கு ஆனதில்லை, பட்டாளத்துக் குழல் என்று சொன்னேன். மாமா கண்ணை மூடி யோசித்தார். அப்புறம் என் முழங்காலில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

"அதானா விசயம்! அதான் தோட்டா உள்ள போவலியா!"

"என்ன மாமா?"

"மேனேஜர் தந்த தோட்டா மருமவனே. முத முத கெட்டிச்சுப் பாத்தேன், உள்ள போவல. மறுபடியும் பாத்தேன், போவல. என் கைப்பழக்கந்தான் சரியில்லன்னு நெனச்சேன். அப்புறம் நான் தொடல."

"அப்ப நீங்க இதுவரைக்கும் சுட்டதே இல்லையா?"

"ஒரு தடவகூட இல்ல. ஆனைக்கு ஓலைப்படக்கம் வெடிப்பேன். பன்னிக்குத் தகரம் அடிப்பேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னா துப்பாக்கிய வாங்கிட்டு ஆளையும் நிப்பாட்டிருவாவளே. துப்பாக்கி இல்லாத வாட்ச்மேன் என்னத்துக்கு?" அத்தை பக்கம் திரும்பினார். "கேட்டியாடி? என் மேல தப்பில்ல. தோட்டாதான் வேற ஜாதி."

"கேட்டேன்," என்றாள் அத்தை. துணிப்பையிலிருந்து பொதிச்சோற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "தின்னுங்க. அங்க போனா எப்பத் தருவாவளோ."

ஓடிப்போய் வக்கீலிடம் சொன்னேன்: அவரிடம் இருந்த தோட்டா இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது, அவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வக்கீல் தலையை ஆட்டினார். சட்டம் குழலைத்தான் பார்க்கும். சுட்டாரா, சுடத் தெரியுமா என்று பார்க்காது. அன்று சாயங்காலம் மஜிஸ்டிரேட் முன்னால் அவர் நன்றாகத்தான் பேசினார். யாரும் அழவில்லை. மாமாவை ரிமாண்டு செய்தார்கள்.

ஜாமீன் மனு போட்டோம், தள்ளினார்கள். மேலே போட்டோம், அதுவும் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. அத்தையைக் கழக்கூட்டத்துக்கு வந்துவிடச் சொன்னேன். வரவில்லை. லயனைப் பூட்டிவிட்டு வந்தால் திரும்ப நுழைய விடமாட்டார்கள் என்று பயம். இப்போது சாயங்காலம் அவள்தான் தகரத்தை அடிக்கிறாள் என்று கேள்வி. முழங்காலுக்கு மருந்து வாங்கிக் கொண்டுபோனால், "மாமாவுக்கு வாங்கிக் கொடுங்க," என்கிறாள். குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன். பெரிய தியாகம் என்று எண்ண வேண்டாம், யாரும் கவனிக்கவில்லை.

ஓட்டு எண்ணி முடிந்த பிறகு ஜெயிலுக்கு மாமாவைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தார். சவரம் செய்து சுத்தமாக இருந்தார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக நின்றார். உள்ளே எல்லாரும் மரியாதையாக நடத்துவதாகச் சொன்னார். 303 வைத்திருந்த ஆள் என்று தெரிந்ததிலிருந்து குளிக்கத் தனியாக வாளி கொடுக்கிறார்களாம்.

"எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சுல்லா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு மாமா."

"யாரு ஜெயிச்சா?"

சொன்னேன். அது யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, கம்பிவலைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப ஸ்டேசன்ல போயித் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிரு மருமவனே. எப்பவும் எண்ணி முடிஞ்ச ஒடனே தந்துருவாவ. அங்க ஈரம் சாஸ்தி. எண்ணெ போடாம வச்சிருந்தா உள்ள இருக்கிற வரியெல்லாம் துருப்பிடிச்சிரும்."

"கேட்டுப் பாக்கிறேன் மாமா," என்றேன்.